ஆள் சுருங்குது... முகம் மாறுது... இதுவும் வலிப்புதான்!

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுப்பதும், வாயில் நுரை தள்ளுவதும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், சிலருக்கு அது கண் முன்னே சுழலும் வண்ண வட்டங்களாக வருகிறது. சிலருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகமே உருமாறிப் போகிறது. பார்த்ததை வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பலர் வாய் திறப்பதில்லை.

ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனை. 43 வயதுப் பெண் ஒருவர் படுக்கையில் சாய்ந்திருக்கிறார். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு அவருக்கு. அறுவை சிகிச்சைக்கு முன்னால், அது மூளையின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க மண்டையோட்டுக்குள் மின்முனைகளை வைத்திருக்கிறார்கள். வலது காதுக்கு மேலே, சற்றுப் பின்தள்ளி இருக்கும் ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். படுக்கைக்குள் அமிழ்வதுபோல இருக்கிறது என்கிறார் அந்தப் பெண். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். இப்போது அவர் மேலே மிதந்தபடி, கீழே படுத்திருக்கும் தன்னையே பார்க்கிறார். முழு உடம்பும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழேயும் கால்களும் மட்டும் தெரிகின்றன.

‘உங்கள் கால்களைப் பாருங்கள்’ என்கிறார்கள் மருத்துவர்கள். பார்க்கப் பார்க்க, கால்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றன. முழங்காலை மடக்கி வைத்திருந்தபோது, அந்தக் கால்கள் தன் முகத்தை நோக்கி வேகமாக வருவதாகத் தோன்றி, இடிபடாமல் விலகப் பார்க்கிறார். மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி. ஓலாஃப் பிளாங்கேயும் அவரது குழுவினரும் 2002-ல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டபோது, உலகமே ஆச்சரியத்துடன் படித்தது.

அந்தப் பெண்ணின் கண்களில் எந்தக் கோளாறும் இல்லை. மனநோயும் இல்லை. மூளையின் ஒரு சிறு பகுதியில் மின்சாரம் தவறிப் பாய்ந்தது, அவ்வளவுதான். வலிப்பின்போது நடப்பதும் இதுவே. அங்கே மின்சாரத்தை மருத்துவர் பாய்ச்சவில்லை, மூளையே பாய்ச்சிக்கொள்கிறது.

கூட்டத்தில் ஒரே கோஷம்

நம் மூளையின் நரம்புச் செல்கள் சந்தைக் கூட்டம் மாதிரி. ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு வேலை. திடீரென்று ஒரு மூலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோஷத்தைப் போட ஆரம்பித்தால் அங்கே வியாபாரம் நடக்காது. வலிப்பு என்பது அந்தக் கோஷம். எந்த மூலையில் அது எழுகிறதோ, அந்த மூலையின் வேலை தாறுமாறாகிறது. கையை அசைக்கும் பகுதியில் எழுந்தால் கை இழுக்கும். பார்வைப் பகுதியில் எழுந்தால், இல்லாதது தெரியும்; இருப்பது வேறு மாதிரி தெரியும். ஒரு மூலையோடு நின்றுவிட்டால் நினைவு தப்பாமலே இருக்கலாம். மூளை முழுக்கப் பரவினால்தான் ஆள் கீழே விழுவார்.

முதலில் வரும் அந்தக் காட்சியை ‘வலிப்புக்கு முன் வரும் அறிகுறி’ என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதுவே வலிப்பு. ‘ஃபோக்கல்’ வகை, அதாவது ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் இவர்களில் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். கண்டறிவதில்தான் சிக்கல். கீழே விழாத வலிப்பை வலிப்பு என்று யார் சந்தேகப்படுவார்கள்?

வண்ண வட்டங்கள்

நாம் பார்ப்பது கண்ணால் என்றாலும், பார்த்ததைக் காட்சியாக்குவது பின்மண்டையில் இருக்கும் மூளைப் பகுதி. இடது பக்கம் தெரிவது வலது மூளைக்கும், வலது பக்கம் தெரிவது இடது மூளைக்கும் போகிறது. பார்வையின் எந்தப் பகுதி மூளையில் எங்கே பதிகிறது என்ற வரைபடத்தின் பெரும்பகுதி போர்க்களத்தில் தயாரானது. 1904-05ல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த வீரர்களைப் பரிசோதித்தார் ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே. குண்டு துளைத்த இடத்துக்கும் பார்வையில் இருண்டுபோன இடத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார். முதல் உலகப்போரில் லண்டன் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் அதை இன்னும் துல்லியமாக்கினார்.

பின்மண்டையில் வலிப்பு எழும்போது பெரும்பாலும் தெரிபவை சின்னச் சின்ன வண்ண வட்டங்கள், உருண்டைகள், மினுக்கும் புள்ளிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறங்கள். பார்வையின் ஓர் ஓரத்தில் தோன்றி, பெருகி, பெரிதாகி, நகரும். இடது ஓரத்தில் தோன்றினால் சந்தேகம் வலது மூளைமேல் விழும். சிலருக்குக் கண்ணோ தலையோ ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், இமைகள் படபடக்கும். சிலருக்கு வண்ணம் ஏதும் இல்லாமல் நேரடியாகப் பார்வையே போய்விடும். “கண்ணு இருட்டிடுச்சு” என்று குழந்தை அலறும். சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிடுவதால், கண் டாக்டரிடம் போகும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். கண்ணாடி மாற்றுவார்கள், பிரச்னை மாறாது.

பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வரும் இப்படியொரு வகையை 1982-ல் விவரித்தவர் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஆன்ரி காஸ்டோ. அதற்கு நீண்ட காலம் அவர் பெயரே வழங்கியது.

மைக்ரேனா, வலிப்பா?

இங்கேதான் பெரிய குழப்பம். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு முன்னாலும் கண்ணில் ஒளி தெரியும். பின்மண்டை வலிப்பு வந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது முடிந்ததும் தலைவலி வருகிறது. ஆகவே, ‘மைக்ரேன்’ என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவது எளிது. லண்டனில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் பனாயோடோபுலோஸ் 1990-களில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நோயாளிகள் சொன்ன விவரங்களும், அவர்கள் வரைந்த படங்களுமே அவருக்குச் சான்று. வேறுபாடு தெளிவாகவே இருந்தது.

மைக்ரேனில் தெரிவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கோட்டைச் சுவர்போல வளைந்து நெளிந்த கோடுகள். நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக வளரும். ஒரு மணி நேரம்வரை நீடிக்கும். வலிப்பில் தெரிவது வண்ணம், வட்டம். சில நொடிகளில் முழு உருவம் எடுக்கும். பெரும்பாலும் மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அடிக்கடி வரும், சிலருக்குத் தினமும்கூட வரும். வரும்போதெல்லாம் அச்சு மாறாமல் அதே காட்சி.

இந்த வேக வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லாஷ்லி தனக்கு மைக்ரேன் வந்தபோது கண்முன் தெரிந்த கோடுகளை அவ்வப்போது காகிதத்தில் வரைந்து, நேரத்தையும் குறித்துக்கொண்டார். மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து பிரேசில் ஆய்வாளர் லியாவ், அதே ஆமை வேகத்தில் நகரும் அலை ஒன்றை ஆய்வக முயல்களின் மூளையில் கண்டார். வலிப்பின் மின்பாய்ச்சல் அதைவிடப் பல மடங்கு வேகமானது. நோயாளி சொல்லும் ‘எவ்வளவு நேரம்’ என்ற ஒரு தகவலே பெரும்பாலும் இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டிவிடும்.

டீச்சர் குட்டியாயிட்டாங்க!

பின்மண்டையிலிருந்து வலிப்பு முன்னேறிப் பொட்டுப் பகுதிக்கோ உச்சந்தலைப் பக்கமோ வரும்போது காட்சிகளும் சிக்கலாகின்றன. புள்ளிகளும் வட்டங்களும் போய், ஆட்கள், முகங்கள், இடங்கள் வருகின்றன. எதிரில் இருப்பவையே உருமாறவும் செய்கின்றன. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு டீச்சர் திடீரென்று குட்டியாகி, எங்கோ தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். இது மைக்ராப்சியா. பொருள்கள் பூதாகரமாகத் தெரிந்தால் மேக்ராப்சியா. நேர்க்கோடுகள் வளைந்தால் மெட்டமார்ஃபாப்சியா. பார்த்து முடித்த பொருள் கண்ணைவிட்டுப் போகாமல், பார்க்கும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தால் பாலினாப்சியா. தெருவில் போன பைக் வீட்டுச் சுவரிலும் ஓடும்.

ஆளும் பொருளும் பெரிதாகவும் சிறிதாகவும் தெரியும் இந்த அனுபவத்துக்கு 1955-ல் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் டாட். லூயிஸ் கரோலின் கதையில் ஆலிஸ் சுருங்குவாள், வளர்வாள் அல்லவா? இதற்கு வலிப்பு மட்டுமே காரணமில்லை. பெரியவர்களுக்கு மைக்ரேனும், குழந்தைகளுக்குச் சில வைரஸ் காய்ச்சல்களும் இப்படிக் காட்டும். ஆகவே, பயந்து நடுங்கவும் வேண்டாம். ‘கதை விடாதே’ என்று குழந்தையை அதட்டவும் வேண்டாம்.

முகம் மாறும் சங்கதிக்கும் மூளையில் தனி முகவரி இருக்கிறது. தலையின் அடிப்பக்கம், காதுக்கு உள்புறமாக, முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜோசஃப் பர்விசி என்ற நரம்பியல் மருத்துவர், வலிப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவரின் மூளையில் அந்த இடத்துக்கு மின்சாரம் கொடுத்தார். எதிரில் நின்ற மருத்துவரின் முகம் அப்படியே வேறொருவர் முகமாக மாறிப்போனது என்று வியந்தார் நோயாளி. கோட், டை, அறை எதிலும் மாற்றமில்லை. முகம் மட்டும்தான்.

மான்ட்ரியலிலிருந்து வேலூருக்கு

மூளையின் எந்த இடத்தைத் தொட்டால் என்ன தெரியும் என்ற கேள்விக்கு முறைப்படி பதில் தேடியவர் வைல்டர் பென்ஃபீல்டு. 1934-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்கம்பியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பின்மண்டைப் பகுதியைத் தொட்டபோது ஒளியும் வண்ணமும் நட்சத்திரங்களும் தெரிந்தன. பொட்டுப் பகுதியைத் தொட்டபோது, சிலருக்குப் பழைய காட்சிகளும் தெரிந்த முகங்களும் வந்தன. நோயாளி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு இடத்துக்கும் எண்ணிட்ட சிறு சீட்டை வைத்துக் குறித்துக்கொண்டே போனார்.

அவரிடம் பயின்றவர் கோட்டயத்துக்காரரான ஜேக்கப் சாண்டி. 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-களிலேயே வேலூரில் வலிப்புக்கான அறுவை சிகிச்சைகள் நடந்தன. சென்னையில் பி.ராமமூர்த்தி அந்தப் பாதையில் நடந்தார். 1995-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் இதைப் பெரிய அளவில் கொண்டுபோனது. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் பென்ஃபீல்டு, சாண்டி போன்றவர்களின் கையில் இருந்த முக்கியமான தடயம், நோயாளி சொன்ன வர்ணனை.

நோயாளி எழுதிய குறிப்பு

இதற்கு இன்னும் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். மருத்துவ நூல்களில் அவர் பெயர் ‘டாக்டர் இஸட்’. லண்டனில் மருத்துவராக இருந்தவர், வலிப்பு நோயாளியும்கூட. தனக்கு வரும் கனவு போன்ற நிலைகளைக் குறித்துவைத்தார். ஒருமுறை நோயாளி ஒருவரின் நெஞ்சைப் பரிசோதிக்க ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் நேரத்தில் அவருக்கு வலிப்பு தொடங்கியது. நினைவு வந்தபோது மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். நோயாளி ஏற்கெனவே படுக்கைக்குப் போய்விட்டிருந்தார். தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தால், ‘இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா’ என்றிருந்தது. சந்தேகத்தோடு போய் மறுபடி பரிசோதித்தார். நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்.

வலிப்பு ஆராய்ச்சியின் தந்தை எனப்படும் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன், 1888-ல் இந்தக் குறிப்புகளை வெளியிட்டார். டாக்டர் இஸட் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது, பொட்டுப் பகுதியின் உள்மடிப்பில் மிகச் சிறிய சிதைவு ஒன்று இருந்தது. மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் பதியும் இ.இ.ஜி.யை ஹான்ஸ் பெர்கர் கண்டறிந்தது 1924-ல்தான். அதற்கும் முன்பே, ஒரு நோயாளி எழுதிவைத்த குறிப்பு மருத்துவருக்கு வழி காட்டியிருக்கிறது.

நம் ஊர்க் காரணங்கள்

பின்மண்டை வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கட்டுக்கு அடங்காத சர்க்கரை. ரத்தச் சர்க்கரை மிக அதிகமாக ஏறும்போது சிலருக்கு ஒரு பக்கமாக வண்ண ஒளிகள் தெரியும். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரியவருகிறது. இவர்களுக்கு வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்துப் பலனில்லை. சர்க்கரையைக் குறைத்தால்தான் காட்சி நிற்கும்.

இரண்டாவது, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை குறைவது. பிறந்த முதல் சில நாட்களில் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் அதிகம் அடிபடுவது மூளையின் பின்பகுதிதான். வலிப்பும் பார்வைக் குறைபாடும் பின்னாளில் சேர்ந்தே வரலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், எடை குறைந்த குழந்தைக்கும் சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற இரண்டாலேயே இதைப் பெருமளவு தடுக்கலாம்.

மூன்றாவது, மூளையில் தங்கும் நாடாப்புழுவின் கட்டி. வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. ‘நாங்கள் பன்றிக்கறி தொடுவதில்லையே’ என்பார்கள். இந்தக் கட்டி கறியால் வருவதில்லை. புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து வருவது. சுத்த சைவருக்கும் வரும். கட்டி பின்மண்டையில் தங்கினால் வலிப்பு கண்ணில் தெரியும்.

நான்காவது, கர்ப்பிணியின் ரத்த அழுத்தம். நிறைமாதத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ கடும் தலைவலியோடு கண் மங்கினால், பூச்சி பறந்தால், பார்வை போனால், அடுத்த நிமிடம் வலிப்பு வரலாம். இது அவசர நிலை. காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வேப்பிலையும் மனநல மாத்திரையும்

இல்லாத முகத்தைப் பார்த்தேன் என்று ஒரு பெண் சொன்னால், நம் ஊரில் முதலில் வேப்பிலை வரும், பிறகு தாயத்து வரும். படித்த வீடென்றால் மனநல மருத்துவர். மனநோயில் வரும் காட்சிகளுக்கும் வலிப்புக் காட்சிகளுக்கும் வித்தியாசம் உண்டு. வலிப்பில் காட்சி திடீரென்று வரும், ஓரிரு நிமிடங்களில் மறையும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். பார்ப்பது நிஜமில்லை என்பது பெரும்பாலும் பார்ப்பவருக்கே தெரிந்திருக்கும். பார்வை குன்றிய முதியவர்களுக்கு ஆட்களும் பூக்களும் தெரிவது வேறு விஷயம். அது சார்லஸ் பானே சிண்ட்ரோம். கார்பமாசெபைன் போன்ற வலிப்பு மாத்திரைகளே அளவு கூடினால் எதையும் இரண்டாகக் காட்டும். எது எது என்று பிரிப்பது நரம்பியல் மருத்துவரின் வேலை.

மறைப்பதற்கு இன்னொரு காரணம் கல்யாணம். இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தகுதியின்மையாக வலிப்பு நோயும் எழுதப்பட்டிருந்தது. 1999-ல் சட்டத்திருத்தம் அதை நீக்கிவிட்டது. சட்டம் நீக்கியதை நாமும் மனதிலிருந்து நீக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பரிசோதனை செய்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ.யிலும் எல்லாம் தெரிந்துவிடாது. எனவே, காட்சி வந்து போனதும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன தெரிந்தது, என்ன நிறம், எந்தப் பக்கம், எத்தனை நொடி, பிறகு தலைவலி வந்ததா, நினைவு தப்பியதா? குழந்தை என்றால் கலர் பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் செல்போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. இந்த விவரங்களோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

காட்சி வலிப்பு உடல் முழுக்கப் பரவி ஆள் விழுந்துவிட்டால், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டுவதும், தனியாகக் கிணற்றில் குளத்தில் இறங்குவதும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘இப்போ வர்றதில்லையே’ என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் யாராவது ‘கண்ணுல என்னமோ தெரியுது’ என்று சொன்னால், ‘பயப்படாதே, என்ன தெரிந்தது, சொல்லு’ என்று உட்கார்ந்து கேளுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.